பெவாசிசுமாப் ஊசி: நுரையீரல் வரை இறங்கிய தொண்டை மருவுக்கு எந்த அளவுக்கு உதவும்? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். குரல்வளையில் தொடங்கி மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிட்ட பாப்பிலோமா என்ற மருவுக்கு, நம்மூரில் காசு கொடுத்தால் கிடைக்கிற மருந்துகளில் உருப்படியாக வேலை செய்வது பெவாசிசுமாப் ஒன்றுதான். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். மிச்ச ஒன்றை மருந்தின் குறைக்காக மட்டும் பிடித்து வைக்கவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் இதை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவதில் உள்ள பாடு இருக்கிறதே, அதற்கும் சேர்த்துத்தான். சரியான ஆளுக்கு, சரியான அளவில், சூடுபடாத குப்பியில் போனால் மருந்து சொன்ன வேலையைச் செய்கிறது. கோளாறு பெரும்பாலும் வழியில்தான் வருகிறது.

நோய் புதிதாகத் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாக. ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸின் 6, 11 ஆகிய இரு வகைகள் சுவாசப் பாதையில் கிளப்பும் மரு இது. மருத்துவர்கள் ஆர்.ஆர்.பி. என்பார்கள், திரும்பத் திரும்ப முளைக்கும் சுவாசப்பாதைப் பாப்பிலோமா என்று பொருள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றுகிறது, பெரியவர்களுக்கும் வரும். குரல் கம்முவதில் ஆரம்பித்து, மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் வரும் நிலைக்குப் போகும். பல குழந்தைகள் ஆஸ்துமா என்று மாதக்கணக்கில் நெபுலைசர் வைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கோப், அதாவது தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். ஆஸ்துமாவில் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். இதில் உள்ளே இழுக்கும்போது. கூடவே குரலும் கெட்டிருந்தால் நெபுலைசரை நம்பிக் காலம் கடத்தக் கூடாது.

குரல்வளையில் இருக்கும் மருவை மைக்ரோடிபிரைடர் என்ற சுழலும் சிறு கத்தியால் சீவி எடுப்பார்கள், அல்லது லேசரால் சுடுவார்கள். சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப முளைக்கும். பார்வைக்குக் கோளாறில்லாமல் தெரியும் சவ்வுக்குள்ளும் வைரஸ் குடியிருப்பதால்தான் இந்தத் தொல்லை. நுரையீரல் வரை இறங்குவது 100 பேரில் 3 பேர் அளவுக்குத்தான். ஆனால் இறங்கிவிட்டால் கத்தியும் லேசரும் கை விரித்துவிடும். பெரிய மூச்சுக்கிளைகள் வரை ஸ்கோப் போகும். அதற்குக் கீழே, காற்றறைகளை ஒட்டி வளரும் முடிச்சுகளையும் குகைகளையும் (உள்ளே வெற்றிடமான ஓட்டைகள்) எந்தக் கருவியும் எட்டாது. ரத்தத்தின் வழியாகப் போகிற ஒன்றுதான் எட்டும். பெவாசிசுமாப்பின் இடம் அதுதான்.

ஒவ்வொரு மருவின் நடுவிலும் ரத்தநாளம் ஓடும் ஒரு தண்டு இருக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அந்த நாளங்களை வளர்த்துவிடுகிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புரதம் இந்த மருந்து. 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. சுவாசப்பாதைப் பாப்பிலோமாவுக்கு நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்த முதல் குறிப்பு 2009-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் இந்த நோயின் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. அனுமதிச் சீட்டுக்கு வெளியே, மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் எழுதும் பயன்பாடு இது. காப்பீட்டில் பின்னால் வரும் சிக்கலுக்கும் இதுவே வேர்.

பலன் எப்படி? குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அசத்துகிறது. முதல் மூன்று டோசுக்குள்ளேயே மரு சுருங்கி, குரல் தெளிவதைப் பலரிடம் காணலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது போகவே தேவையில்லை என்ற நிலைக்கு வருகிறார்கள். நுரையீரலில் பலன் அவ்வளவு சீராக இல்லை. கெட்டியான முடிச்சுகள் சிறுக்கும். குகைகளின் சுவர் மெலியும். ஆனால் ஏற்கெனவே விழுந்த ஓட்டை மூடிக்கொள்ளாது. மூன்று டோசுக்குப் பிறகு எடுத்த சி.டி.யில் ஓட்டைகள் அப்படியே இருப்பதைப் பார்த்து, மருந்து வீண் என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஓட்டை எத்தனை என்று எண்ணக் கூடாது. முடிச்சின் அளவு, சுவரின் தடிமன், புதிதாக ஏதும் முளைத்ததா: இந்த மூன்றைத்தான் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். அதனால் மருந்து தொடங்கும் முன் ஒரு சி.டி. கட்டாயம். படத்தைக் குறுந்தகட்டில் வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அளந்து ஒப்பிட முடியாது.

யாருக்கு வேண்டாம்

இந்த மதிப்புரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் பக்கத்தில் நுரையீரலில் குகை தெரிந்தால் முதலில் வாயில் வரும் பெயர் டி.பி. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடுவது உண்டு. பாப்பிலோமாவின் குகைகள் பெரும்பாலும் கீழ் மடல்களில், முதுகுப் பக்கமாக, இரண்டு நுரையீரலிலும் சிதறிக் கிடக்கும். டி.பி. பொதுவாக மேல் மடலை விரும்பும். குரல்வளையில் மரு இருந்த வரலாற்றை எக்ஸ்ரே, சி.டி. கேட்கும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுக்கு அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவர் மீது குறை சொல்ல முடியாது. அதற்காக டி.பி.யை அறவே ஒதுக்கவும் முடியாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். சளியை சி.பி.நாட் என்ற டி.பி. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று தாளில் வந்த பிறகு மேலே போவது நல்லது.

அடுத்தது இன்னும் கடுமையானது. நுரையீரலில் நெடுநாள் இருக்கும் பாப்பிலோமா, குறிப்பாக 11-ஆம் வகை, செதிள்செல் புற்றுநோயாக மாறக்கூடும். ஒரு குகையின் சுவர் மட்டும் திடீரென்று தடித்தால், ஒரு முடிச்சு மட்டும் மற்றவற்றை விட்டுவிட்டு வேகமாக வளர்ந்தால், நெறிகட்டிகள் பெருத்தால், எடை குறைந்தால், முதலில் பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதனை. மருந்தைத் தொடங்கிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே ஆகாது. நுரையீரலின் செதிள்செல் புற்றுநோயில் பெவாசிசுமாப் கொடுத்தபோது உயிரைப் பறிக்கும் ரத்தக்கசிவு ஏற்பட்டது அந்த மருந்தின் ஆரம்ப ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். அதே காரணத்தால், சமீபத்தில் இருமலில் அரை டீஸ்பூன், அதாவது சுமார் 2.5 மி.லி. அளவுக்குச் சிவப்பு ரத்தம் வந்தவருக்கு இதைப் போடக் கூடாது என்று மருந்தின் தாளே சொல்கிறது. சளியில் கீறலாக வருவதற்கும் தனி ரத்தமாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. எதுவானாலும் ஊசி நாளன்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மறைத்துப் போட்டுக்கொள்வதைப் போல ஆபத்தான காரியம் இந்தச் சிகிச்சையில் வேறில்லை.

கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். மணமான பெண்கள் கடைசி டோசுக்குப் பிறகும் 6 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மாதவிடாய் நின்றுபோகவும், கருப்பையின் பக்கத்து முட்டையகம் பாதிக்கவும் வாய்ப்பு இருப்பதால் கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தொடங்கும் முன்பே இதைப் பேசித் தீர்க்க வேண்டும். வளரும் குழந்தைகளுக்கு எலும்பின் வளர்முனையில் பாதிப்பு வரக்கூடும் என்பதால் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டே வருவார்கள். மூச்சு ஏற்கெனவே அடைக்கும் அளவுக்குத் தொண்டையில் மரு நிறைந்திருந்தால் ஊசிக்காகக் காத்திருப்பது தப்பு. முதலில் சீவி வழியைத் திறக்க வேண்டும்.

குப்பியும் கணக்கும்

இரண்டு அளவில் வருகிறது: 4 மி.லி.யில் 100 மி.கி., 16 மி.லி.யில் 400 மி.கி. இரண்டிலும் அடர்த்தி ஒன்றுதான், மி.லி.க்கு 25 மி.கி. அவாஸ்டின் என்பது ரோஷ் நிறுவனத்தின் மூல மருந்து. பயோகானின் கிராபெவா, டாக்டர் ரெட்டீஸின் வெர்சாவோ போன்ற இந்திய பயோசிமிலர்கள் (மூல மருந்தை ஒத்துச் செய்தவை) விலையில் பல படி கீழே. இந்த நோய்க்கு பயோசிமிலரே போதும் என்பது எங்கள் கருத்து. மாற்றி மாற்றி வாங்குவதைத்தான் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு பிராண்டில் தொடங்கினால் அதிலேயே நில்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் எந்தத் தேதியில், எந்த பேட்சுக்கு என்று கோப்பில் எழுதுங்கள். குப்பியில் ஒட்டிவரும் சீட்டைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொன்னால் வேலை முடிந்தது.

அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. சிலர் 15 வரை போவார்கள். தொடக்கத்தில் 3 வாரத்துக்கு ஒருமுறை. 18 கிலோ குழந்தைக்கு 10 மி.கி. கணக்கில் 180 மி.கி., அதாவது 7.2 மி.லி. இரண்டு சின்னக் குப்பி, 20 மி.கி. வீணாகும். 55 கிலோ பெரியவருக்கு 550 மி.கி., 22 மி.லி.; ஒரு பெரியது, இரண்டு சின்னது. மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். முடியாது. குப்பியில் கிருமித்தடுப்பு எதுவும் சேர்க்கவில்லை. ஊசி குத்திய குப்பி அன்றைக்கே கழிவு. ஆச்சிகளுக்கு மனசு கேட்காது, என்ன செய்ய.

நம்மூரில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். மதுரையில் கண்ணுக்குப் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் நம் பக்கத்தில் நிறைய. ‘அதே ஊசிதானே, அப்பச்சிக்குப் போட்டதுதானே’ என்பார்கள். மருந்து அதேதான். ஆனால் கண்ணுக்கு 1.25 மி.கி., 0.05 மி.லி. இங்கே அதைப் போலப் பல பத்து மடங்கு, பெரியவர்களுக்கு நூறு மடங்குக்கு மேல். கண்ணுக்காகப் பிரித்து நிரப்பிய சிரிஞ்சுகளை இதற்கு வாங்கக் கூடாது. மூடி உடையாத முழுக் குப்பிதான் வேண்டும்.

கலப்பது 0.9% சலைனில் மட்டும். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கவும் கூடாது, குளுக்கோஸ் போன லைனில் அப்படியே ஏற்றவும் கூடாது. குலுக்கக் கூடாது, நுரைத்தால் புரதம் கெடும். மெதுவாகச் சாய்த்து உருட்டினால் போதும். திரவம் நிறமற்றோ வெளிர் பழுப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். துகள் மிதந்தால் திருப்பிக் கொடுங்கள். பெரியவர்களுக்கு 100 மி.லி. பை சரி. சின்னக் குழந்தையில்தான் தவறு நடக்கும். கலவையின் அடர்த்தி மி.லி.க்கு 1.4 முதல் 16.5 மி.கி.க்குள் இருக்க வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு 5 மி.கி. கணக்கில் 60 மி.கி.யை வழக்கம்போல 100 மி.லி. பையில் கலந்தால் 0.6-க்கு இறங்கிவிடும். மொத்தம் 40 மி.லி.க்கு வைத்தால் 1.5 வரும். பெரியவர்களுக்கே ஏற்றிப் பழகிய டே-கேரில் (பகலில் ஊசி ஏற்றி அனுப்பும் பிரிவு) இதைத் தனியாக நினைவூட்ட வேண்டியிருக்கும்.

வழியில் வரும் கோளாறு

குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் படக் கூடாது, உறையவும் கூடாது. சித்திரை வெயிலில் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் பேருந்தில் இரண்டு இரண்டரை மணி நேரம். புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த இடைவெளியில்தான் பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் பாழாகிறது.

இரண்டு விதமாகப் பாழாகும். சூடேறிக் கெடுவது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, குளிரால் கெடுவது. ‘ஐஸ்ல நல்லா வச்சுத் தர்றேண்ணே, பயப்படாமக் கொண்டு போங்க’ என்று கடைக்காரர் நல்ல மனதோடு பெட்டியை உறைந்த ஜெல் பொதிகளுக்கு நடுவே நேராகச் செருகித் தருவார். குப்பியின் ஓரம் உறைந்தால் புரதம் திரிந்துவிடும். உருகிய பிறகு பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சரியான முறை: ஜெல் பொதியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மேலே நீர் முத்து வியர்க்கும் வரை வெளியே வைத்து, பிறகு தெர்மோகோல் பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் வைக்க வேண்டும். குப்பி தன் அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும். அதைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு. ஜெல்லும் அட்டையும் நேராக முட்டக் கூடாது. உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி போட்டு மூடுங்கள், விலை சில நூறுதான். பெட்டி மடியில் இருக்கட்டும். பேருந்தின் அடிப்பெட்டியிலோ காரின் டிக்கியிலோ வேண்டாம்.

முந்தின நாளே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால் கதவுத் தட்டு கூடாது, பின்சுவரை ஒட்டியும் கூடாது. முன்னது சூடு, பின்னது உறையும். நடுத்தட்டு, நடு இடம். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். இவ்வளவு பாட்டுக்கும் எளிய மாற்று, ஊசி ஏற்றும் ஊரிலேயே, ஏற்றும் நாளிலேயே வாங்குவது. சொந்த ஊர்க் கடையில் இருநூறு முந்நூறு ரூபாய் சல்லிசாகக் கிடைக்கிறதென்று இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

ஏற்றும் நாள்

ஒழுங்கான டே-கேர் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஊசிக்கு முன் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. அன்றைய எடையை அன்றே பார்க்க வேண்டும். வளரும் குழந்தைக்குப் போன மாத எடையில் டோஸ் போடுவது தப்பு. பிரஷர் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். ரத்தம் வந்ததா, பல் பிடுங்கினீர்களா, ஸ்கோப் தேதி ஏதும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இதில் எதையும் கேட்காமல் நேராக வென்ஃபிளான் (நரம்பு ஊசிக் குழாய்) குத்துகிற இடம் எவ்வளவு ஏசி போட்டிருந்தாலும் சுமார்தான்.

முதல் முறை 90 நிமிடத்தில் ஏறும். ஒன்றும் தொந்தரவு இல்லையென்றால் அடுத்தது 60, அதற்கடுத்தது 30. முதல் தடவையே அவசரப்படுத்தி அரை மணியில் முடிக்கச் சொல்லாதீர்கள். கலந்த மருந்து குளிரில் 8 மணி நேரம் வரை தாங்கும். அதனால் படுக்கை தயாராகி, குழந்தைக்கு நரம்பு கிடைத்த பிறகு குப்பியைத் திறக்கச் சொல்லலாம். சண்டி பண்ணும் குழந்தைக்கு இது முக்கியம்.

கீமோ வார்டில் உட்கார்ந்து ஏற்றுவதால் ஊரில் ‘கேன்சராம்’ என்று பேச்சு கிளம்பும். இது செல்களைக் கொல்லும் கீமோ மருந்து இல்லை; தனியாகக் கொடுக்கும்போது முடி கொட்டாது, வாந்தியும் அபூர்வம். பள்ளிக்கூடத்துக்கு மறுநாளே போகலாம்.

வீட்டில்

இரண்டு பொருள் வாங்க வேண்டும்: பிரஷர் கருவி, சிறுநீர்ப் பட்டைகள்.

பிரஷர் கருவியில் கைப்பட்டையின் அளவுதான் விஷயம். உள்ளே காற்று நிரம்பும் பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40% இருக்க வேண்டும். பெரியவர் பட்டையைக் குழந்தைக்குக் கட்டினால் அளவு குறைவாகக் காட்டும். பிரஷர் ஏறியிருப்பதே தெரியாமல் போகும். குழந்தைப் பட்டை உள்ளூர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பு இருக்காது. கருவியின் மாடல் பெயரைச் சொல்லி வரவழையுங்கள். குழந்தைக்கு எந்த அளவுக்கு மேல் போனால் அழைக்க வேண்டும் என்ற எண் வயதையும் உயரத்தையும் பொறுத்தது. அதை மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். பிரஷர் ஏறுவது இந்த மருந்தில் சாதாரணம். அம்லோடிபின் போன்ற மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் ஊசியை நிறுத்துவதில்லை. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். உப்புக்கண்டம், மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய் இருக்கும் வீட்டில் ‘குழம்புல உப்புக் குறைச்சுத்தானே போடுறோம்’ என்பது கணக்கில் சேராது. பிரஷரோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சிறுநீர்ப் பட்டையைக் காலை முதல் சிறுநீரில் தோய்த்து, 60 விநாடியில் குப்பியின் நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏறிப் பொய் சொல்லும். பட்டையை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடவும். ஈரம் பட்ட பட்டை உதவாது. இரண்டு பிளஸ் அல்லது மேல் என்றால் 24 மணி நேரச் சிறுநீர் சேர்த்து அளப்பார்கள். நாளுக்கு 2 கிராமைத் தொட்டால் ஊசியைத் தள்ளிவைப்பார்கள்.

மூக்கில் ரத்தம் வருவது சகஜம், அதுவும் நம் வறண்ட கோடையில். மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்தால் நின்றுவிடும். காயம் ஆறுவது தாமதமாகும். பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் 28 நாள் இடைவெளி என்பது மருந்துத் தாளின் கணக்கு. ஸ்கோப் வழியாக மரு சீவுவதற்கு அதைவிடக் குறைத்துக்கொள்வதா என்பதை அறுவை செய்பவரும் ஊசி எழுதுபவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்குவது, அப்புறம் குன்றக்குடியிலோ குலதெய்வக் கோவிலிலோ வைத்திருக்கும் காதுகுத்து, இரண்டையும் மருத்துவரிடம் சொல்லித் தேதி வாங்குங்கள். மொட்டைக்குத் தடையில்லை.

தேதி விஷயத்தில் இன்னொன்று. தைப்பூச நடைப்பயணமும் மாசி–பங்குனித் திருவிழாவும் இருக்கும் வாரங்களில் சாலை நெரிசல் தாங்காது. ஓரிரு நாள் தள்ளிப் போட்டால் குடி முழுகிவிடாது. தள்ளுவது ஒரு மாதமாகி, பிறகு ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று விட்டுவிடுவதுதான் நடக்கிறது. அப்படி விடக் கூடாது.

ஏனென்றால் இது வைரஸை ஒழிப்பதில்லை. சொந்த வீடு மாதிரி இல்லை, வாடகை வீடு மாதிரி. கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மரு திரும்பும். நல்ல செய்தி, வாடகை குறைந்துகொண்டே வரும்: 3 வாரம் என்பது 4, 6, 8 என்று நீண்டு, சிலருக்கு 12 வாரத்துக்கு ஒரு டோஸில் நிற்கும். இடைவெளியை நீட்டும் ஒவ்வொரு படியிலும் ஸ்கோப்போ குரலோ எதையாவது வைத்துச் சோதித்துத்தான் நீட்ட வேண்டும். நுரையீரல் பாதித்தவர்கள் குரல் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நீட்டக் கூடாது. தொண்டை சுத்தமாகவும் நெஞ்சு மோசமாகவும் இருப்பது நடக்கும், அவர்களுக்கு சி.டி.தான் சாட்சி.

செலவைப் பற்றி. பெட்டியில் அச்சிட்ட விலையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். புற்றுநோய் மருந்து மொத்தமாக விற்கும் கடைகளில் பயோசிமிலருக்கு அச்சு விலையிலிருந்து பெரிய தள்ளுபடி கிடைக்கும். மருத்துவமனையின் உள் மருந்தகம் அதைத் தருவது அரிது. வெளியில் வாங்கி வர அனுமதிக்கிறார்களா என்பதே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் கேள்வி. பேட்ச் எண் போட்ட பில் இல்லாமல் வாங்க வேண்டாம். அவாஸ்டின் பெயரிலேயே போலிக் குப்பிகள் 2012-இல் அமெரிக்கச் சந்தை வரை நுழைந்தன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், புற்றுநோய்க்கு இந்த மருந்து கிடைக்கிறதே என்று நம்பி உட்கார வேண்டாம். நோயின் பெயர் வேறு என்பதால் முன் அனுமதி மறுக்கப்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், சிவகங்கையானாலும் மதுரை இராசாசியானாலும், காது மூக்குத் தொண்டைப் பிரிவும் நெஞ்சகப் பிரிவும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தோடு காப்பீட்டுப் பிரிவை அணுகுங்கள். ஒரே துறையின் சீட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மற்ற மருந்துகள்? சிடோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை மருவுக்குள்ளேயே குத்துவார்கள், அப்படிக் குத்துவது நுரையீரலை எட்டாது. இன்டர்ஃபெரான் பழைய கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பாப்ஸிமியோஸ் என்ற மருந்துக்குப் பெரியவர்களுக்கான அனுமதி கிடைத்தது. 12 வாரத்தில் 4 ஊசி, தோலுக்கடியில். ஆய்வில் 35 பேரில் 18 பேருக்குச் சிகிச்சை முடிந்த ஓராண்டு வரை அறுவை தேவைப்படவில்லை. இந்த நோய்க்கென்றே பெயர் எழுதி வந்த முதல் மருந்து என்பதால் கண் வைத்திருக்கலாம். இன்றைய ஊசியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஹெச்.பி.வி. தடுப்பூசி வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து வாங்குங்கள். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக்கிலும், கார்டாசிலிலும் 6, 11 இரண்டும் உண்டு. செர்வாரிக்ஸில் 16, 18 மட்டும்தான். கருப்பைவாய்க்கு அது சரி, தொண்டை மருவுக்கு உதவாது. வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், 6 மாத இடைவெளியில் 2 டோஸ். ஆஸ்திரேலியாவில் 2007-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு, குழந்தைகளில் இந்த நோய் 2012-இல் லட்சத்துக்கு 0.16 என்பதிலிருந்து 2016-இல் 0.02-க்கு இறங்கியது.

கடைசியாக, பயணப் பையில் ஒரு தாள் இருக்கட்டும்: நோயின் பெயர், கடைசி ஊசியின் தேதியும் அளவும், பிராண்ட், பேட்ச், கடைசி சி.டி. தேதி, டிராக்கியாஸ்டமி (மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளை) இருந்தால் குழாயின் அளவு, இரண்டு மருத்துவர்களின் எண். இருமலில் கட்டியாக ரத்தம் வந்தாலோ, உள்ளிழுக்கும்போது கழுத்துக்குழி உள்வாங்கினாலோ, 108-ஐக் கூப்பிட்டுவிட்டு அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆம்புலன்ஸில் இருப்பவரிடம் ‘ஆஸ்துமா இல்லை, தொண்டையில் மரு, பெவாசிசுமாப் ஓடுகிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.